எதிர் வீட்டு ஓட்டு

அந்தத் தேர்தலின்போது என் தங்கை லோர்னாவின் வீட்டுக்கு நான்கு கட்சி வேட்பாளர்களும், ஒரு முன்னாள் மந்திரியும், ஒரு வருங்கால மந்திரியும், கேமராவோடு இரண்டு பத்திரிகைக்காரர்களும் வந்து போனார்கள். நேர் எதிரே இருக்கிற என் வீட்டுக்குப் பீட்சாக் கடை விளம்பரம் வந்தது. அதிலும் சலுகைத் தேதி முடிந்திருந்தது.

எல்லாம் எங்கள் கில்பி சாலையின் நடுவில் போகிற கோட்டால் வந்த வினை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தொகுதிகளைப் பிரித்தபோது லண்டனில் எந்தப் புண்ணியவானோ வரைபடத்தில் பென்சிலை இழுத்தான். ஒற்றைப்படை எண் வீடுகள் நகரத் தொகுதிக்குப் போயின. இரட்டைப்படை வீடுகள் கிராமத் தொகுதியிலேயே நின்றுவிட்டன. எங்கள் இரண்டு பக்கத்துக்கும் தபால்காரர் ஒருவர்தான், குப்பை வண்டி ஒன்றுதான், பால் வாங்குகிற கடையும் ஒன்றுதான். நாடாளுமன்ற ஓட்டு மட்டும் வேறு வேறு.

நகரத் தொகுதியில் சிவப்புக் கட்சியும் நீலக் கட்சியும் எப்போதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். போன தடவை நூற்றுச் சொச்சம் ஓட்டில் நீலம் தப்பித்தது. அதனால் அங்கே ஒவ்வொரு ஓட்டும் தங்கம். எங்கள் தொகுதி முழுக்க வயலும் குதிரை லாயமும். ஆடுகளுக்கு ஓட்டு இருந்தால் அவையும் நீலத்துக்குத்தான் போடும். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டாயிரம், பதினாலாயிரம் வித்தியாசத்தில் நீலம் ஜெயிக்கும். ஜெயிக்கப் போகிறவனும் வர மாட்டான், தோற்கப் போகிறவனும் வர மாட்டான்.

நான் சிவப்பு. பதினெட்டு வயதிலிருந்து பதினோரு பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். நான் போட்ட ஆள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. நாற்பது வருஷமாக மழையில் நனைந்து, வீட்டுக் கதவுகளின் கடிதத் துளைக்குள் துண்டுப் பிரசுரத்தைத் தள்ளி, உள்ளே காத்திருக்கிற நாய்களுக்கு விரலைக் கொடுத்து வந்திருக்கிறேன். சாவதற்குள் ஒரே ஒரு தடவை, என் ஓட்டு ஒரு ஆளை நாடாளுமன்றத்தில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

லோர்னாவுக்கு அரசியல் என்றால் தொலைக்காட்சியில் வேறு சேனலுக்கு மாறுகிற நேரம். ஆறு வருஷத்துக்கு முன், இரண்டாவது கல்யாணமும் முடிந்துபோய், லீட்ஸிலிருந்து பெட்டியோடு வந்தாள். அந்த எதிர் வீட்டைப் பார்த்துக் கொடுத்ததே நான்தான். ஒரு கையெழுத்தில் அவளுக்கு அந்தப் பக்கத்து ஓட்டு கிடைத்துவிட்டது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். வரிசையில் நிற்பவள் நானாக இருப்பேன், கடைசித் துண்டு கேக் அவள் தட்டில் இருக்கும்.

இந்த வருஷமும் கட்சி அலுவலகத்துக்குப் போய் எங்கள் பக்கத்துக்குப் பிரசுரம் கேட்டேன். அங்கிருந்த பையன் முகத்தில் மீசைகூடச் சரியாக இல்லை.

"உங்க பக்கத்துக்கு அடிக்கவே இல்லம்மா. தோக்குற இடத்துல காகிதத்தை எதுக்கு வீணாக்கணும்? எதிர்ப் பக்கம் போய் வேலை பாருங்க. ஒத்தப்பட வீடெல்லாம் உங்க பொறுப்பு."

அப்படித்தான் நான் நெஞ்சில் சிவப்பு ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு, கையில் பட்டியலோடு, என் சொந்தத் தங்கையின் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

"யாரது, அக்காவா? வா வா. நீ இன்னிக்கு மூணாவது ஆளு. காலைல நீலக்காரன் வந்தான், ஆளு பாக்க நல்லா இருந்தான். என் ரோஜாவை அப்படிப் புகழ்ந்தான்."

"அது ரோஜா இல்லடி. பேப்பர் பூ. போன கிறிஸ்மஸ்ல நான் வாங்கிக் குடுத்தது."

"அவனுக்குத் தெரியணுமே! ஓட்டு வேணும்னா எல்லாம் ரோஜாதான்."

அடுத்த வாரம் எங்கள் கட்சியின் பெரிய புள்ளி, ஆட்சி வந்தால் மந்திரியாகப் போகிறவர், லோர்னாவின் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். கடித்துக்கொண்டது நான் செய்த இஞ்சிக் கேக். தகர டப்பாவும் என்னுடையது. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது: 'முடிவெடுக்கப் போகும் வாக்காளர், தன் கைப்பக்குவத்தோடு.' லோர்னா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறாள். என் முழங்கை படத்தின் ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? என் ரத்தம் சிவப்பு, அவள் ஓட்டுத்தான் முக்கியம் என்றால் யாருக்குத்தான் எரியாது?

லோர்னாவுக்கும் ஒரு குறை இருந்தது. அதன் பெயர் வில்ஃப். என் பக்கம் இருபத்திரண்டாம் எண் வீட்டுக்காரர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்துக் கொட்டகையில் அடிபட்ட முள்ளெலிகளை வைத்து வைத்தியம் பார்ப்பார். எங்கள் கிராமத் தொகுதியில் பச்சைக் கட்சிக்கு நிற்க ஆள் கிடைக்கவில்லை என்று அவரை நிறுத்தியிருந்தார்கள். வைப்புத்தொகை ஐந்நூறு பவுண்டும் அவர் கைக்காசு. மொத்த ஓட்டில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் பணம் திரும்பும், இல்லாவிட்டால் அரசாங்கத்துக்குப் போகும். பணம் திரும்பி வந்தால் லோர்னாவை ஒரு வாரம் ஸ்கார்பரோவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். கடல் தெரிகிற அறை. இதை என் தங்கை என்னிடம் சொன்னபோது அறுபது வயது முகம் சிவந்துபோயிற்று.

ஆனால் அவள் ஓட்டு கோட்டுக்கு அந்தப் பக்கம், வில்ஃபோ இந்தப் பக்கம்.

அப்போது என் மூளையில் விளக்கு எரிந்தது. மறுநாளே அவளிடம் போனேன்.

"லோர்னா, கேளு. உனக்கு வில்ஃபுக்குப் போடணும், போட முடியல. எனக்கு உங்க பக்கத்துச் சிவப்பு வேட்பாளர் ஜோஸலினுக்குப் போடணும், போட முடியல. நீ எனக்காக அங்க சிவப்புக்குப் போடு. நான் உனக்காக இங்க பச்சைக்குப் போடறேன்."

"நீயா? பச்சைக்கா? உன் கை நடுங்காது?"

"நடுங்கினா நடுங்கட்டும். இங்க நான் சிவப்புக்குப் போட்டு என்னத்தக் கண்டேன்? பதினாலாயிரத்துல ஒண்ணு கம்மியானா எவன் கேக்கப் போறான்?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கையை நீட்டினாள், குலுக்கினோம். சட்டப்படி தப்பில்லை, ஆனால் வேறு கட்சிக்குப் போட்டது தெரிந்தால் எங்கள் கட்சியில் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் யாருக்கும் சொல்லவில்லை. லோர்னா மட்டும் வில்ஃபிடம் சொல்லிவிட்டாள், அவள் வாயில் எது தங்கும்?

ஒப்பந்தம் போட்ட இரவு நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகுதான் பூச்சி அரிக்க ஆரம்பித்தது. ஜோஸலின் ஜெயித்தால் அது யார் ஓட்டு? என் ஓட்டா, லோர்னா ஓட்டா? பென்சில் பிடிக்கப் போவது அவள் கை. பட்டியலில் அவள் பெயர். எனக்கு எப்போதும் போல டப்பாவும் முழங்கையும்தான்.

வியாழக்கிழமை ஓட்டு நாள். லோர்னாவுடைய சாவடி புது நூலகத்தில், தரையில் கம்பளம் விரித்த கூடம். வாசலில் மூன்று நிறப் பூக்களோடு மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓட்டுப் போட்டவர்களின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்கள். யார் இன்னும் வரவில்லை என்று பார்த்து வீட்டுக்குக் கார் அனுப்புவதற்காக. லோர்னாவுக்கு நடக்கிற தூரம்தான், இருந்தும் இரண்டு கார் வந்து சண்டை போட்டுக்கொண்டன. அவள் நீலக்காரன் காரில் ஏறிப் போய்ச் சிவப்புக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

என் சாவடி, மதுக்கடையின் கார் நிறுத்துமிடத்தில் நிறுத்திவைத்த ஒரு கேரவன் வண்டி. வாசலில் கட்சிக்காரர் ஒருவரும் இல்லை. யாரோ கட்டிவிட்டுப் போன ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

நான் கிளம்பும்போது லோர்னா அவள் வாசலில் நின்றபடி தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அக்கா! உன் ஓட்டை நான் போட்டுட்டேன்! ஜோஸலின் வாசல்லயே நின்னுட்டிருந்தா, என்னைக் கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்தா. 'உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நாங்க ஜெயிக்கறோம்'னா. நீ மெதுவாப் போய் வா, உன்னுது ஒண்ணும் அவசரமில்லையே!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும். ஆனால் கேரவனின் மூன்று படி ஏறுகிற வரைக்கும் அந்த வார்த்தை காதில் குத்திக்கொண்டே வந்தது. உன் ஓட்டை நான் போட்டுட்டேன். நாற்பது வருஷம் நாய்க்கடி எனக்கு, முத்தம் அவளுக்கு.

அலமாரி மாதிரி ஒரு தடுப்பு, நூலில் கட்டிய பென்சில், சீட்டில் நான்கு பெயர். பச்சைக்கு நேரே பென்சிலைக் கொண்டுபோனேன். சத்தியமாகக் கொண்டுபோனேன். அங்கே நின்றபடி யோசித்தேன்: இதையும் அவளுக்கே கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன இருக்கிறது? பயனில்லாத ஓட்டுத்தான், இருந்தாலும் என்னுடையது. இங்கே நான் எதற்குப் போட்டாலும் ஒன்றும் மாறப் போவதில்லை. யாருக்கு நஷ்டம்?

சிவப்புக்கு நேரே பெருக்கல் குறி போட்டேன். சீட்டு கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டேன்.

நகரத் தொகுதியில் ராத்திரியே எண்ணி முடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை வானொலியைத் திருப்பினால் ஜோஸலின் ஜெயித்திருந்தாள், ஒன்பதே ஓட்டு வித்தியாசத்தில். பதினைந்தாயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு ஓட்டு. எங்கள் பக்கம் இருபத்தெட்டாயிரம் வாங்குகிறவனுக்கும் ஒரு நாற்காலிதான், பாதிக்குக் கொஞ்சம் மேலே வாங்கிய அவளுக்கும் அதே மாதிரி ஒரு நாற்காலிதான். இதுதான் எங்கள் நாட்டுக் கணக்கு.

வாசலைத் திறந்தால் லோர்னா இரவு உடையோடு சாலையைக் கடந்து ஓடி வருகிறாள்.

"ஒம்பதுடி, ஒம்பது! நீ ஜெயிச்சுட்டேக்கா! உன் ஓட்டு ஜெயிச்சிருச்சு!" அக்காவை 'டி' போட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். உள்ளே ஒரு துளி சந்தோஷம் இல்லை. அந்த ஒன்பதில் ஒன்று அவள், நான் இல்லை. தெருவில் போன பத்திரிகைக்காரப் பெண்கூட அவளிடம்தான் கை கொடுத்தாள்.

எங்கள் கிராமத் தொகுதிக்கு மட்டும் பகலில்தான் எண்ணுவது வழக்கம். உள்விளையாட்டு அரங்கில், பூப்பந்துக் கோடுகளின் மேல் மேசை போட்டிருந்தார்கள். நான் வழக்கம்போலச் சிவப்புக் கட்சியின் எண்ணிக்கை முகவர். வில்ஃபுக்கு வேறு ஆள் இல்லாததால் லோர்னா பச்சைப் பூ குத்திக்கொண்டு அவருடைய முகவராக வந்திருந்தாள். நீலக் கட்டுகள் மதியத்துக்குள் செங்கல் சுவர்போல ஏறிவிட்டன. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லோர்னாவின் கண் பச்சைக் கட்டுகளின் மேலேயே இருந்தது.

"வருதுக்கா, வருது! ரெண்டாயிரத்தைத் தாண்டிருச்சு!"

சந்தேகச் சீட்டுகளை அதிகாரி முகவர்களைக் கூட்டி வைத்துக் காட்டினார். ஒன்றில் யாரோ பெருக்கல் குறிக்குப் பதிலாக வில்ஃபின் கட்டத்தில் ஒரு முள்ளெலியை வரைந்திருந்தார். மூக்கு, முள், எல்லாம் இருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"கட்டத்தை விட்டு வெளிய போகல. மனசு தெளிவாத் தெரியுது. செல்லும்."

லோர்னா கைதட்டினாள். வில்ஃப் அந்தச் சீட்டைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கூட்டிப் பார்த்தார்கள். செல்லுபடியான மொத்த ஓட்டு நாற்பத்தெட்டாயிரத்து இருநூறு. இருபதில் ஒரு பங்கு இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து. வில்ஃப் வாங்கியது இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து.

"அப்போ வந்துருச்சு! சரியா வந்துருச்சு!" என்று லோர்னா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "மன்னிக்கணும்மா. சரியா இருந்தா போதாது. அதுக்கு மேல இருக்கணும். சட்டம் அப்படித்தான். ஒரு ஓட்டு குறையுது."

வில்ஃப் கேட்டுக்கொண்டதால் பச்சைக் கட்டுகளை மறுபடி எண்ணினார்கள். அதிகாரி நல்லவர், சிவப்புக் கட்டுகளையும் புரட்டி, நடுவில் பச்சை ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். என் கண்ணெதிரே பதினாலாயிரத்து நூற்றைந்து சீட்டுகளும் ஒவ்வொன்றாகப் புரண்டன. எங்காவது அழுத்திப் போட்ட, முதுகுப்பக்கம் புடைத்த ஒரு சீட்டு தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொன்றையும் முறைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. தெரிந்தாலும் அதில் என் பெயர் இருக்கப் போவதில்லை. எண்ணிக்கை மாறவில்லை.

பதினோரு தேர்தலில் ஒன்றுக்கும் உதவாத என் ஓட்டு பன்னிரண்டாவதில் வேலை செய்துவிட்டது. அந்த அரங்கத்தில், அந்தத் தொகுதியில், முடிவை மாற்றிய ஒரே ஓட்டு என்னுடையது. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லை. ஊமை கண்ட கனவு.

வீட்டுக்குத் திரும்புகிற பேருந்தில் லோர்னா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது போட்டியே. இல்லேன்னா ரெண்டு ஓட்டுல போயிருக்கும், அவர் இன்னும் நொந்திருப்பார்."

"ஸ்கார்பரோ?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்னார். அவருக்கு இருக்கறது அந்தச் சேமிப்புதான்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "கடல் எங்க போயிடப் போகுது?"

இத்தனை நாள் அவளைப் பார்த்து எரிந்த வயிறு அப்போதும் எரிந்தது. ஆனால் இது வேறு எரிச்சல். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டு இப்படி நிம்மதியாக ஜன்னலில் தலை சாய்க்க முடிகிறதே இவளுக்கு. அதற்கும் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

சனிக்கிழமை காலை யாரோ என் கதவைத் தட்டினார்கள். திறந்தால் வில்ஃப். கோட்டில் இன்னும் அந்தப் பச்சைப் பூ. கையில் என் இஞ்சிக் கேக் டப்பா, கழுவித் துடைத்தது.

"லோர்னா குடுத்துவிட்டா. அப்படியே உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன், பெரில். வாழ்நாள் பூரா சிவப்பா இருந்துட்டு எனக்குப் போட்டீங்க. அது எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும்."

"உள்ள வாங்க" என்றேன். டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

"இல்ல இல்ல, முள்ளெலிக்குச் சாப்பாடு வைக்கணும். ஓட்டுக்கு முன்னாடியே வந்து கேட்டிருக்கணும், அதுதான் மரியாதை. லோர்னாதான் 'அக்கா சத்தியம் பண்ணிட்டா, அங்க போய்த் தட்டாதீங்க, வேற வீட்டைப் பாருங்க'ன்னா. மூவாயிரத்துச் சொச்சம் கதவு தட்டினேன். நேத்து ராத்திரி பூரா அதேதான் ஓடிட்டிருந்துச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு கதவு, பெரில். இன்னும் ஒரே ஒரு கதவைத் தட்டியிருந்தா போதும்."

நாற்பது வருஷத்தில் என் வீட்டுக்கு வந்த முதல் வேட்பாளர் அவர்தான். அவர் கை இன்னும் என் கதவின் மேலேயே இருந்தது.